‘நல்லா இருக்கு தம்பி’

பாம்பனில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் தெருவில் வலை கட்டும் பெரியவர் ஒருவரை, அவருடைய 70 வயது நிறைவுக்காக ஸ்டுடியோவில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் 11 பேர் ‘நல்லா இருக்கு தம்பி’ என்றார்கள். ஒரு சீனியர் மட்டும் ‘ஃபிளாட்டா இருக்கு’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு கரண்ட் போய்ப் போய் வந்தது, பெரியவருக்கும் அவசரம். இரண்டு நாளாக மனசே சரியில்லை. படத்தை அனுப்பியிருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள்.
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, அந்த 11 பேரால் உங்களுக்குக் காலணா பிரயோஜனம் இல்லை. சீனியர் சொன்னது உண்மை, நிழலே இல்லாமல் முகம் தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் பாதியில் எழுந்து போய்விட்டார். ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிற டாக்டரை என்ன செய்வது? ‘எங்கேண்ணே ஃபிளாட்டு?’ என்று நீங்கள் அவருக்கே போன் போட்டிருக்கலாம். கேட்டால் சொல்லாதவர்கள் நம் தொழிலில் குறைவு.

கரண்ட் போனது, அவசரம் எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தக் காரணங்களைப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்ட முடியாதே.

பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். முதலில் கண். இரண்டு கருவிழியிலும் வெள்ளைச் சதுரம் நட்டநடுவில் விழுந்திருக்கிறது. அதாவது சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்க விளக்குக்கு மாட்டும் துணிப்பெட்டி) உங்கள் தலைக்கு நேர் பின்னால் நின்றிருக்கிறது. நேராக வருகிற வெளிச்சம் சுருக்கங்களில் நிழல் விழ விடாது. ஒரு ஆயுசு கடல் வெயிலை வாங்கிய முகம் புதுசாக வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆனது அதனால்தான். லைட்டை அவருடைய இடது பக்கம் 45 டிகிரிக்குத் தள்ளி, கண்மட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே ஏற்றுங்கள். கண்ணில் இருக்கும் அந்த வெள்ளை, கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்துக்கு ஏறும், மூக்கின் நிழல் வலது கன்னத்தில் இறங்கும். அந்தப் பக்கம் ரொம்ப இருட்டினால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் போதும். நம்ம ஊரில் மீன் பெட்டி மூடிக்கா பஞ்சம்? கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், இல்லாவிட்டால் மாப்பிள்ளை போட்டோ எடுக்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள்.

அப்படியே லென்ஸுக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். கடற்கரை ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பிடித்துவிட்டால் எந்த லைட் போட்டாலும் படம் மங்கல்தான்.

வலது கை விரல்கள் படத்தின் ஓரத்தில் மூட்டோடு வெட்டுப்பட்டிருக்கின்றன. வலை கட்டுகிறவருக்கு முகத்துக்கு அடுத்து கைதானே? ஒரு அடி பின்னால் நகர்ந்திருக்கலாம். உதட்டோரம் சிரிப்பு வரப்போகிற நேரம் பார்த்து அழுத்தியிருக்கிறீர்களே, அது அருமை. லைட்டை நாளைக்குக்கூட திருத்திக்கொள்ளலாம், இது அப்படி வராது.

எனக்கு உறுத்துவது தோலை வழவழப்பாக்கியதுதான். பாம்பன் ரோடு பாலம் திறந்த 1988-இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ரீடச் என்றால் பென்சில். பிலிம் நெகட்டிவில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ், அதனால் கறுத்த தழும்பு இருக்கும் இடம் வெளிறித் தெரியும். அதில் கூர்மையான பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து அடைத்தால் பிரிண்டில் தழும்பு மறைந்துவிடும். கீழக்கரைப் பெரியவர் ஒருவரின் புருவத்தில் இருந்த கறுத்த தழும்பை அப்படி அரைநாள் உட்கார்ந்து அழித்தேன். படம் வாங்க வந்த மகள் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ‘இது எங்க வாப்பா இல்லையே’ என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் அதுதான் பெரிசு. பென்சிலைத் துடைத்துவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். உங்கள் பெரியவரின் பேத்தியிடம் வழவழப்பாக்கியது, ஆக்காதது என்று இரண்டு பிரதியையும் காட்டுங்கள், எது தாத்தா என்று அவள் சொல்லட்டும்.

கேள்வி: ‘கறுப்பா விழுந்திருக்கேன், வெள்ளையாக்குங்க’ என்கிறார்கள் வாடிக்கையாளர்கள். இதையெல்லாம் விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: உடனே சிரித்துவிடாதீர்கள். பல நேரம் குற்றம் நம்மிடம்தான். வெள்ளைச் சட்டை ஃபிரேமை அடைத்துக்கொண்டால், ஆட்டோ மோடில் விட்ட கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டு போகும். அதைத்தான் அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வார்த்தையில் ‘கறுப்பு’ என்கிறார்கள். வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றி ஒன்று, எடுத்தபடியே ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். மீதிப் பேருக்குக் கேட்டபடி ஒரு பிரதி போட்டுக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேருங்கள். கடைக்கு வாடகை கட்ட வேண்டும்.

கேள்வி: என்னிடம் வேலை கற்கும் பையனிடம் ஒரு குறை சொன்னால் நாள் முழுக்கப் பேசமாட்டான். சொல்லாமல் விடவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, பரமக்குடி

பதில்: வாடிக்கையாளர் முன்னால் சொல்கிறீர்களா அம்மா? அப்படியானால் முதலில் அதை நிறுத்துங்கள். ‘உனக்கு ஒழுங்கா லைட் வைக்கத் தெரியல’ என்றால் பையன் சுருங்கிப்போவான். ‘இந்தக் காது முகத்தைவிட வெளிச்சமா இருக்கு, என்ன பண்ணலாம்?’ என்றால் காதைப் பார்ப்பான்.

என் முதலாளி வாயே திறக்கமாட்டார். நான் எடுத்த ஒரு மாப்பிள்ளை படத்தைத் தலைகீழாகத் திருப்பி என் முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தலைகீழாகப் பார்த்தால் முகம் முகமாகத் தெரியாது, எது வெளிச்சமோ அதில்தான் கண் போகும். எனக்குப் போனது சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த வெள்ளைக் கைக்குட்டைக்கு. அவர் திரும்பி வந்ததும் ‘கைக்குட்டை’ என்றேன். ‘ம்’ என்றார். மறுநாள் மாப்பிள்ளையைத் திரும்ப வரவழைத்து, கைக்குட்டையை நானே உருவி மேஜையில் வைத்துவிட்டு எடுத்தேன். இரண்டாவது பிரிண்டுக்கு மாப்பிள்ளையிடம் காசு வாங்கவில்லை. முதலாளி அதை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.