திருகோணமலை உப்புவெளியில் நிற்கும் எம்ஜிபி என்ற பழைய பிரித்தானியக் காருக்குச் செம்பு பிரேக் பைப் போடலாமா?

வேண்டாம். சுத்தச் செம்பு அதிர்வில் இறுகி, காலப்போக்கில் வெடிப்பு விடும். செம்பும் நிக்கலும் கலந்த 3/16 அங்குலப் பைப் வாங்குங்கள். உப்புக் காற்றிலும் துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். இரும்புப் பைப் கிளிப்புக்கு அடியில்தான் முதலில் அரிக்கும், அங்கே உப்பும் ஈரமும் தங்கிவிடும். ஒன்று ஒழுகினால் எல்லாவற்றையும் மாற்றுவதே சரி.

பழைய பைப்பை வெட்டாமல் கழற்றுங்கள், அதுதான் அளவு. நட்டுக்கு முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு, பிரேக் பைப்புக்கான பிளவு ஸ்பானரால் திருப்புங்கள். சாதாரண ஸ்பானர் மூலைகளை மழுக்கிவிடும்.

பெரிய ஆபத்து நட்டில் இருக்கிறது. இந்தக் காரின் பைப் நட்டுகள் பெரும்பாலும் 3/8 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவிலான நெருக்கப் புரி), அங்குலத்துக்கு 24 புரி. கடையில் கிடைக்கும் ஜப்பானியக் கார் நட்டு 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் புரி. பார்வைக்கு ஒன்றுபோலத்தான். பலவந்தமாக ஏற்றினால் பிரேக் சிலிண்டரின் புரியே போய்விடும். பழைய நட்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

நுனியை விரிக்கமுன் நட்டைப் பைப்பில் போட மறக்காதீர்கள். ஒற்றை விரிப்பா இரட்டை விரிப்பா என்பதைப் பழைய பைப்பின் அந்தந்த முனையைப் பார்த்தே செய்யுங்கள். மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். வெட்டிய தூளைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். நட்டை முதலில் விரலாலேயே ஏற்றுங்கள்.

புதிதாகத் திறந்த டொட் 4 பிரேக் எண்ணெய் விட்டு, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் தள்ளும் முதன்மைச் சிலிண்டர்) தூரமான சில்லிலிருந்து தொடங்கி, பைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுங்கள். அந்த எண்ணெய் பெயின்ற்றில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பெடலைப் பலமாக அழுத்திப் பிடித்தபடி, இன்னொருவரை ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த கடதாசியால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.