பொறையாரைத் தாண்டித்தான் தரங்கம்பாடி

கேள்வி: தரங்கம்பாடிக்குப் போனால் கோட்டை, கடற்கரை, பழைய வீடுகள் என்று பொழுது போய்விடுகிறது. வழியில் வரும் பொறையாருக்கு என்று தனியாக வரலாறு ஏதாவது உண்டா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிறையவே உண்டு அம்மா. நான் பொறையார் கல்லூரியில் படித்தவன். சுற்றுலா வண்டிகள் கடைத்தெருவில் நிற்காமல் நேராகக் கடலைப் பார்க்க ஓடும்போது அந்த நாளிலேயே எனக்கு மனசு ஆறாது.

கதை கடற்கரையில்தான் தொடங்குகிறது, சரி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். அவர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியது 1706இல். அவர் அச்சுக்கூடம் வைத்ததை எல்லோரும் சொல்வார்கள். அந்த அச்சுவேலைக்குப் பொறையார் எப்படித் தோள் கொடுத்தது என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை. அவற்றை வைத்து ஒரு முழுப் புத்தகம் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. காகிதமோ கப்பலில் வந்து சேர வேண்டிய பொருள். அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்க்க முடிவு செய்து, பொறையாரில் பட்டறை போட்டார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டியை மூடிவந்த ஈயத்தைக்கூட வீணாக்காமல் உருக்கி எழுத்தாக்கியிருக்கிறார்கள். அப்புறம் 1715 வாக்கில் காகித ஆலை ஒன்றையும் பொறையாரிலேயே தொடங்கினார்கள். ஆலை நீடிக்கவில்லை. ஆனால் தமிழில் புதிய ஏற்பாடு அதே 1715இல் முழுசாக அச்சேறிவிட்டது. தமிழ் அச்சு வரலாறு பேசுகிற யாரும் இந்த ஊர்ப் பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது என்பேன்.

1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து சேரம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயர்கள் 12.5 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போக, தரங்கம்பாடித் துறைமுகம் ஓய்ந்தது. பொறையார் அப்படி ஓயவில்லை. அதை நம்பிச் சுற்றிலும் வயலும் கிராமங்களும் இருந்தன. வாங்க, விற்க, பிள்ளைகளைப் படிக்கவைக்க ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாயவரத்திலிருந்து 1926இல் போட்ட ரயில் பாதையும் பொறையார் வழியாகத்தான் கடற்கரைக்குப் போனது. அதை 1980களில் நிறுத்திவிட்டார்கள். திரும்ப விட வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்பது முழுக்க நியாயம்.

அடுத்த முறை போகும்போது பொறையாரில் இறங்கி, 1746இல் கட்டிய பெத்லகேம் ஆலயத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கடலுக்குப் போங்கள்.

கேள்வி: தரங்கம்பாடியில் கடல் கொண்டுபோன கோயில் எது?
- ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் கட்டியது. அங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 வருஷம் முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதற்கு அந்தக் கல்வெட்டே சாட்சி. கோயிலின் பெரும்பகுதியை அலை அரித்துவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நடந்தே போகலாம்.