பெண்கள் கால்பந்து கிளப் ஒன்று தொடங்கிய கதை: கடலூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி: தமிழ்நாட்டில் பெண்களுக்கென்று தொழில்முறைக் கால்பந்து கிளப் இருக்கிறதாமே? அது எப்படித் தொடங்கியது, முதல் சில வருடங்கள் எப்படிப் போயின?

சேது எஃப்.சி.யைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மதுரைக் கிளப். 2016-ல் சீனி மொகைதீன் தொடங்கினார். மூன்றே வருடத்தில், 2019 மே மாதம் லூதியானாவில், இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வாங்கியது. சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு இதில் நிறையச் சொல்ல இருக்கிறது. நான் மதுரைக்காரி இல்லை, அந்தக் கிளப்பில் எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. கடலூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் ஆடினேன், டிஃபென்ஸில். 2016-ல் ஒரு கிளப் பிறந்து 2019-ல் கோப்பை வாங்கியது என்று படிக்கும்போதெல்லாம், அந்த மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தை யாரும் எழுதவில்லையே என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த வருடங்களில் ஒரு பகுதி எங்கள் ஊரில் நடந்தது.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீடு புதுப்பாளையத்தில், கடலிலிருந்து தள்ளி. என்னோடு படித்த பிள்ளைகளில் தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிறவர்கள் இருந்தார்கள். பொங்கல் கழிந்து பள்ளி திறந்தபோது வகுப்பில் சில இடங்கள் காலியாக இருந்தன. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கடலூரில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பது ஊருக்குத் தெரிய ஆரம்பித்தது. சுனாமியில் குடும்பத்தை இழந்தவர்கள், வீட்டு வறுமையால் விடுதியில் சேர்ந்தவர்கள் என்று பல பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள். இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில் அது வளர்ந்தது. இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளிக்கூடம், காலையும் மாலையும் மைதானம் என்று நான்கும் சேர்ந்து கிடைத்தால்தான் ஒரு பெண் பிள்ளை தொடர்ந்து ஆறேழு வருடம் பந்தைத் தொட முடியும். வீட்டிலிருந்து வந்து ஆடுகிற பிள்ளை வயதுக்கு வந்ததும் நின்றுவிடுவாள், இல்லை பத்தாம் வகுப்பில் நிறுத்திவிடுவார்கள். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இப்படி நின்றவர்கள்தான் அதிகம்.

நானே அப்படி நின்றவள்தான். பள்ளி முடிகிற வரை ஆடினேன். கல்லூரியில் பெண்களுக்குக் கால்பந்து அணியே கிடையாது. "பதினொரு பேர் கிடைக்க மாட்டார்கள், நீ தடகளத்துக்கு வா" என்றார்கள். நானூறு மீட்டர் ஓடினேன். ஒரு முறை வெளியூர்ப் போட்டிக்கு எங்களைக் கூட்டிப்போனவர்கள், முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏற்றிவிட்டு, சாப்பாட்டுக் காசையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இரவெல்லாம் கழிவறைக் கதவோரம் உட்கார்ந்து போய், காலையில் இறங்கி நேராக மைதானத்துக்குப் போய் ஓடினோம். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. என் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போனாலும் முதலில் டிக்கெட்டையும் சாப்பாட்டையும் பார்ப்பது அதனால்தான்.

சரி, லீக் விஷயத்துக்கு வருகிறேன். பெண்களுக்குத் தேசிய அளவில் கிளப் லீக் ஒன்று 2017 வரை இந்தியாவில் இல்லை. மாநில அணிகள் மோதும் சீனியர் தேசியப் போட்டி உண்டு, அதில் வருடா வருடம் மணிப்பூர்தான் ராஜ்ஜியம். இந்தியப் பெண்கள் லீக்கின் முதல் பதிப்பு 2017 ஜனவரி, பிப்ரவரியில் டெல்லியில் நடந்தது. ஆறே அணிகள். நம் பக்கத்திலிருந்து ஜேப்பியார் கல்லூரி அணி ஆடியது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் கோப்பை வாங்கியது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, கையில் குழந்தை. செய்தியைப் படித்துவிட்டு மகிழ்ச்சியும் அழுகையும் சேர்ந்து வந்தது உண்மை.

அடுத்த வருடம்தான் எங்களுக்குப் பெரிய வருடம். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த சீனியர் தேசியப் போட்டி இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2-1 என்று வென்றது. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் பட்டம். மணிப்பூரை ஜெயிப்பது என்றால் என்னவென்று பெண்கள் கால்பந்தைப் பின்தொடர்ந்தவர்களுக்குத் தெரியும். அதே வருடம் ஷில்லாங்கில் லீக்கின் இரண்டாம் பதிப்பு. இறுதிச் சுற்றில் ஏழு அணிகள். அதில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள். ஒன்று சேது எஃப்.சி., இன்னொன்று கடலூர் இந்திரா காந்தி அகாடமி! நாங்கள் பல் துலக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்த பிள்ளைகள், விடியற்காலை மைதானத்தில் கூம்பு வைத்து ஓடிய பிள்ளைகள், நாட்டின் முதல் ஏழு அணிகளில் ஒன்று. இதை ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

இப்போது சேது எஃப்.சி. எப்படி மூன்றே வருடத்தில் ஜெயித்தது என்பது புரியும். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இருவரும் கடலூர் மாவட்டத்தவர்கள், இருவரும் இந்தியாவுக்கு ஆடியவர்கள், சேதுவின் சீருடையும் அணிந்தவர்கள். கிளப் ஒன்று தொடங்கியதும் ஆட்டக்காரர்கள் வானத்திலிருந்து விழவில்லை. மாவட்டங்களில் யாரோ சோறு போட்டு, பாடம் சொல்லி, ஓட வைத்து வளர்த்திருந்தார்கள். சேது எஃப்.சி. செய்த பெரிய காரியம், அப்படி வளர்ந்தவர்களுக்குப் பள்ளி, கல்லூரி முடிந்த பிறகும் ஆட ஒரு இடம் கொடுத்தது. அதைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். பணம் திரும்ப வராது என்று தெரிந்தே ஒருவர் பெண்கள் அணிக்குச் செலவு செய்ய முன்வந்தது சாதாரண விஷயம் இல்லை.

2019 கோப்பையில் இன்னொரு விசேஷம் உண்டு. அணியின் பயிற்சியாளர் அம்ருதா அரவிந்த், ஒரு பெண்.  பஞ்சாப் மே மாத வெயில். நான் இறுதி ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்தேன், படம் நின்று நின்று ஓடியது. மூன்றாவது கோல் விழுந்தபோது என் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அந்த அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

ஆனால் ஆரம்ப வருடங்கள் பற்றி நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில் கோப்பையில் கிடைக்காது. அந்த லீக் அப்போது எத்தனை நாள் நடந்தது தெரியுமா? லூதியானாவில் மூன்று வாரம் கூட இல்லை. எல்லா அணிகளும் ஒரே ஊருக்குப் போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆடி, முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். மீதிப் பதினொரு மாதம்? கிளப்புக்கு ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லாததால் விளம்பரதாரர் இல்லை, அதனால் சம்பளமும் தொடர்ந்து கிடைக்காது. ஆட்டக்காரர்கள் ஊருக்குத் திரும்பி வேலைக்கோ படிப்புக்கோ போய்விடுவார்கள். அடுத்த லீக் வரும்போது மறுபடியும் கூட்டி, உடம்பைத் தேற்றி, அணியாக்க வேண்டும்.

கொரோனா வந்ததும் அது இன்னும் மோசமானது. 2020 பிப்ரவரியில் பெங்களூரில் முடிந்த லீக்குக்குப் பிறகு 2022 ஏப்ரல் வரை லீக்கே நடக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல்! இருபத்திரண்டு வயது ஆட்டக்காரிக்கு இரண்டு வருடம் என்பது எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஊரடங்கு நாட்களில் இந்துமதி சென்னையில் காவல் உதவி ஆய்வாளராகச் சாலையில் பணியில் நின்றார். இந்திய அணியில் ஆடுகிறவருக்கும் வாழ்க்கைக்குப் பிடிமானம் அரசு வேலைதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவைக் குறைவாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோட்டா இல்லையென்றால் இவர்களில் பாதிப்பேர் இருபது வயதிலேயே பூட்ஸைக் கழற்றியிருப்பார்கள்.

இவ்வளவையும் தாண்டி 2022-ல் புவனேஸ்வரத்தில் சேது எஃப்.சி. செய்தது என்னைப் பொறுத்தவரை 2019 கோப்பைக்குச் சமம். பன்னிரண்டு அணிகள், ஆளுக்குப் பதினொரு ஆட்டம். முதல் பத்து ஆட்டத்தையும் சேது வென்றது. எதிரே கோகுலம் கேரளாவும் பத்துக்குப் பத்து. கடைசி நாள் இருவரும் மோதினார்கள். 3-1 என்று கோகுலம் ஜெயித்தது. அன்றைக்குச் சேதுவுக்குப் பயிற்சியாளராக இருந்த கிறிஸ்பின் சேத்ரி பின்னாளில் இந்தியப் பெண்கள் அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

2023-24-லிருந்து லீக் சொந்த ஊர், வெளியூர் என்று மாறி மாறி ஆடும் முறைக்கு வந்தது. ஏழு கிளப்கள், அதில் சேதுவும் ஒன்று. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது வருடத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று கால்பந்துக் கூட்டமைப்பு விதி கொண்டுவந்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த எண் எனக்கு மிகவும் உதவியாக இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, முதுநகர்ப் பக்கம், அப்பா படகுக்குப் போகிறவர். இடது கால், வலது கால் இரண்டாலும் அடிப்பாள். போன மாதம் அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். வழக்கமாக வரும் கேள்விகளுக்குத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது வேறு: "டீச்சர், இதை எத்தனை வயசு வரைக்கும் ஆடலாம்? அதுக்கப்புறம் என்ன பண்ணுவா?"

என் அம்மாவுக்கு இப்படிக் கேட்கத் தோன்றியிருந்தாலும் அன்றைக்கு யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. நான் அவருக்கு உட்கார நாற்காலி போட்டு, முப்பது வயது தாண்டியும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், லீக்குக்குக் கீழே இரண்டாம் நிலை லீக்கும் வந்துவிட்டது, ஒப்பந்தத்துக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு, போலீஸ் வேலைக்குப் போனவர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது எல்லாருக்கும் கிடைக்காது என்பதையும் சொன்னேன். மறைத்துக் கூட்டி வந்தால் பத்தாம் வகுப்பில் வந்து சண்டை போடுவார்கள், அது நியாயமும்கூட.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்" என்று போனார். மூன்று நாள் கழித்துப் பிள்ளை பூட்ஸ் அளவு எழுதிய சீட்டோடு வந்தாள், அம்மாவின் கையெழுத்து. எங்கள் கடையில் சின்ன அளவு ஆண் பிள்ளைகளுக்கானதுதான் கிடைக்கிறது, கொஞ்சம் பெரிது, இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் அங்குள்ள பிள்ளைகளோடு நட்பு ஆட்டம் வைத்திருக்கிறோம். காலை ஐந்தரை பஸ். அம்மாவும் கூட வருகிறாராம்.