ஓரிரு இடங்களில் மழை என்றால் எள்ளை அறுக்கலாமா?

லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "மாசிப்பட்டத்தில் விதைத்த எள் முற்றிவிட்டது. மே கடைசி வாரத்தில் அறுத்தால் அடுக்கி, உதிர்த்து, காயவைத்து எடுக்க ஒரு வாரம் பிடிக்கும். வானிலை மையம் தினமும் 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை' என்று சொல்கிறது. போனில் இருக்கும் ஆப்போ வியாழக்கிழமைக்கு 60 சதவீதம் மழை காட்டுகிறது. எதை நம்பி அரிவாளை எடுப்பது?"

வாரம் முழுக்க அந்த 'ஓரிரு இடங்களில்' என்ற வரி மாறாமல் இருந்தால் அறுத்துவிடுங்கள். அது எந்த நாளுக்காவது 'அநேக இடங்களில்' என்று மாறினால் மட்டும் பொறுங்கள். ஆனால் காத்திருப்பதும் இலவசமில்லை. அடியிலிருந்து கால்பங்கு இலைகள் உதிர்ந்து, செடியின் நடுப்பகுதி வரை காய் மஞ்சளாகிவிட்டால் அதுதான் பருவம். அதைத் தாண்டினால் காய் வெடித்து விதை வயலிலேயே கொட்டிப்போகும். மழைக்குப் பயந்து ஒரு வாரம் தள்ளிப்போட்டு, மழையும் வராமல் பாதி எள்ளை மண்ணுக்குக் கொடுப்பதுதான் பெரிய நஷ்டம்.

அறிக்கையில் வரும் சொற்களுக்குக் கணக்கு உண்டு. ஒரு பகுதியில் இருக்கும் மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரைக்கும் மழை பதிவாகலாம் என்றால் 'ஓரிரு இடங்களில்'. கால்பங்குக்கு மேல் பாதி வரை என்றால் 'ஒருசில இடங்களில்'. பாதிக்கு மேல் முக்கால் வரை 'அநேக இடங்களில்', அதற்கும் மேல் 'பெரும்பாலான இடங்களில்'. அளவுக்கும் இதே மாதிரி வரையறை இருக்கிறது. 24 மணி நேரத்தில் 15.5 மி.மீ. வரை லேசான மழை, 64.4 மி.மீ. வரை மிதமான மழை, அதற்கு மேல் போனால்தான் கனமழை. அதாவது 'லேசானது முதல் மிதமான' என்பதற்குள் தூறலும் அடங்கும், ஆறு சென்டிமீட்டர் கொட்டுவதும் அடங்கும். களத்தில் எள் கிடக்கும்போது இந்த இரண்டும் ஒன்றல்ல. அந்த வரியைப் படித்துவிட்டு 'லேசான மழைதானே' என்று தார்ப்பாய் இல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வானிலை மையத்தின் நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. செவ்வாய்க்கிழமைக்குச் சொன்ன மழை புதன் விடியற்காலையில் பெய்தாலும் கணிப்பு பலித்ததாகத்தான் கணக்கு.

போனில் காட்டும் 60 சதவீதம் வேறு கேள்விக்கான பதில். உங்கள் இடத்தில் அந்த நேரத்தில் அளக்கும்படியாக ஏதாவது மழை விழும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்கிறது. எவ்வளவு பெய்யும், எத்தனை நிமிடம் பெய்யும் என்று சொல்லவில்லை. பெரும்பாலான ஆப்கள் உலக அளவிலான கணினி மாதிரிகளிலிருந்து எடுத்துத் தருகின்றன. அந்த மாதிரிகள் நிலத்தைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகின்றன. நம் நாட்டில் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்கணிப்பு முறையில்கூட ஒரு கட்டம் 6 கி.மீ.; அதற்கு முன் 12 கி.மீ. ஆக இருந்தது. ஆனால் கோடை இடிமேகத்தில் கொட்டித் தீர்க்கும் நடுப்பகுதி சில கிலோமீட்டர்தான் இருக்கும். ஊரின் மேற்கே பெய்து கிழக்கே புழுதி பறப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வியாழக்கிழமை மாலை எந்தக் கொல்லையில் விழும் என்று திங்கட்கிழமையே சொல்லும் கணக்கு இன்னும் யாரிடமும் இல்லை.

இது ஏன் இப்படி என்றால், கோடை மழை பெரும்பாலும் அந்தந்த நாளின் சூட்டில் உருவாவது. பகலில் நிலம் காய்ந்து, அதன் மேல் இருக்கும் காற்று சூடேறி மேலெழும்புகிறது. பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது. மேற்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கரூர், திருச்சி வரை வீசுகிறது. இரண்டும் மோதுகிற கோட்டில் மேகம் திரண்டு எழும். அந்தக் கோடு ஒரு நாள் புதுக்கோட்டைப் பக்கம் விழும், மறுநாள் பெரம்பலூர்ப் பக்கம் விழும். மேற்குக் காற்று ஓங்கிவிட்டால் கடற்காற்று உள்ளே நுழையவே முடியாது. அந்த நாட்களில் மழை இருக்காது, வெயில்தான் வாட்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதும் இப்படி ஒரு மே மாதக் கடைசி நாளில்தான், 2003-இல். சென்னைக்குக் கொடுமையான அந்த வறண்ட காற்று, எள் காயப்போடும் உங்களுக்கு நல்ல காற்று.

அறிக்கையில் 'வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று ஒரு வரி வந்தால் மட்டும் கணக்கு மாறும். 2016 மே மாதம் ரோனு புயல் உருவானபோது தமிழகக் கடலோரத்தில் நல்ல மழை. 2019-இல் ஃபானி முதலில் வட தமிழகக் கரையை நெருங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அது வடக்கே திரும்பி மே 3-ஆம் தேதி ஒடிசாவின் புரி அருகே கரையேறியது. இப்படி விலகிப் போகும் புயல் ஈரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், நமக்கு வறண்ட காற்றும் வெயிலும் மிஞ்சும். ஆகவே கடலில் ஏதோ இருக்கிறது என்றதும் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அது எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவாகும் வரை இரண்டு நாள் அரிவாளைக் கீழே வையுங்கள். அந்த இரண்டு நாளை எள் பொறுத்துக்கொள்ளும்.

சரி, அறுப்பது என்று முடிவு செய்தாயிற்று. இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று: வாரம் முழுவதற்குமான முடிவை முதல் நாளே எடுத்துவிடாதீர்கள். அறுத்த செடியை நுனி உள்பக்கம் வர வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் மூடி மூன்று நாள் விடுகிறீர்கள். அந்த மூன்று நாளில் மழை வந்தால் தார்ப்பாய் போர்த்திச் சமாளிக்கலாம். மழை விட்டதும் பிரித்துக் காற்றாட விட்டால் போதும். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு, உதிர்த்த விதையைக் களத்தில் பரப்பும் மூன்று நாட்களில். அப்போது நனைந்தால் நிறம் மங்கும், விலை விழும். அந்த நாட்கள் வாரத்தின் கடைசியில் வருகின்றன. முதல் நாள் கணிப்பு அவற்றுக்குத்தான் ஆகப் பலவீனமாக இருக்கும். எனவே அடுக்கிய மூன்றாம் நாள் காலையில் புதிய அறிக்கையைப் பாருங்கள். அடுத்த இரண்டு நாளுக்கு 'அநேக இடங்களில்' என்று இருந்தால் அடுக்கிய செடிப் போரைப் பிரிக்காமல் ஒரு நாள் கூடுதலாக விட்டுவையுங்கள். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையில் உங்கள் மாவட்டத்துக்கான அடுத்த ஐந்து நாள் நிலவரம் இருக்கும். அறுக்கும் நாளை அதற்கு மறுநாளாக வைத்துக்கொண்டால் நல்லது.

விதை காய்வதற்குக் காலை நேரம்தான் உங்களுடையது. உள் மாவட்டங்களில் கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் கிளம்பும். வெயில் ஏறியதும் பரப்பி, மூன்றுக்குள் குவித்து மூடிவிடுங்கள். மதியத்துக்குமேல் வானிலை மையத்தின் தளத்தில் காரைக்கால் ரேடார் படத்தையும், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையையும் பாருங்கள். அந்த நேரத்துக்கு ஆப்பின் சதவீதத்தைவிட இவை பல மடங்கு உபயோகம்.

அப்புறம் மின்னல். இதை எள்ளைவிடப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். மழை வருகிறதே என்று களத்துக்கு ஓடி, தார்ப்பாயோடு போராடும் அந்த நேரம்தான் ஆபத்தானது. மழைக்கு முன்னாலேயே மின்னல் விழும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப் 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுவதைக் காட்டும். 40 கிலோமீட்டரில் காட்டும்போதே மூடிவிடுங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் எள் எப்படிக் கிடந்தாலும் சரி, கான்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள். புளியமரத்தடியோ பனையடியோ வேண்டாம், பம்புசெட்டைத் தொடவும் வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் ஆட்களைக் களத்துக்கு அனுப்புங்கள்.