கயிற்றை அறுத்தது துரோகமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் மலையேறிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். சென்ற வாரம் பெரு நாட்டின் சியூலா கிராண்டே மலையில் ஜோ சிம்ப்சனுக்கும் சைமன் யேட்ஸுக்கும் நடந்ததைப் பற்றிய ஆவணப்படத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் பெரிய வாக்குவாதம். கால் உடைந்து கயிற்றில் தொங்கிய நண்பனின் கயிற்றை யேட்ஸ் அறுத்தது துரோகம் என்கிறார் என் அண்ணன். அப்படியானால் இருவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொள்வதற்கு என்னதான் பொருள் என்று கேட்கிறார். எனக்கு யேட்ஸ் மேல் கோபம் வரவில்லை, ஆனால் ஏன் வரவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. வேறு வழியே இருக்கவில்லையா? இறங்கும்போதுதான் ஏன் இத்தனை விபத்துகள்? விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

ம.

அன்புள்ள ம.,

துரோகம் இல்லை. என்னைக் கேட்டால் சிம்ப்சன் உயிரோடு திரும்பியதற்கு யேட்ஸ்தான் முதல் காரணம். ஆனால் இதை வெறும் அபிப்பிராயமாகச் சொன்னால் உங்கள் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டார். அன்றிரவு அந்தக் கயிறு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

1985-ல் இருவரும் 6,344 மீட்டர் உயரமுள்ள சியூலா கிராண்டேயின் மேற்கு முகத்தில், அதாவது மேற்குப் பக்கச் செங்குத்துச் சரிவில், ஏறினார்கள். அதுவரை யாரும் ஏறி முடிக்காத முகம் அது. இடைமுகாம்கள் கிடையாது, பாதையில் முன்கூட்டியே கட்டிவைத்த கயிறுகள் கிடையாது. தேவையானதையெல்லாம் முதுகில் சுமந்துகொண்டு ஒரே மூச்சில் ஏறி இறங்கும் ஆல்பைன் பாணி. உச்சியைத் தொட்டுவிட்டு வடக்கு முகடு வழியாக இறங்கும்போது சிம்ப்சன் ஒரு சிறிய பனிச்சுவரிலிருந்து விழுந்தார். வலது காலின் கீழ் எலும்பு முழங்கால் மூட்டுக்குள் ஏறிவிட்டது.

இரண்டு பேர் மட்டும் உள்ள குழுவில், அந்த உயரத்தில், கால் உடைந்தால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். யேட்ஸ் தனியாக இறங்கிப் போயிருந்தால்கூட மலையேறிகள் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. ஆவணப்படம் பார்ப்பவர்கள் கத்தி வெளியே வரும் அந்த ஒரு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய பல மணி நேரத்தை மறந்துவிடுகிறார்கள். அந்த மணிநேரங்களில் நடந்தது இதுதான்.

அவர்களிடம் சுமார் 45 மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகள் இருந்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டு 90 மீட்டராக்கினார்கள். ஒரு முனை சிம்ப்சனின் ஹார்னஸில், அதாவது உடம்பைத் தாங்க இடுப்பில் மாட்டும் பட்டையில், மறுமுனை யேட்ஸின் ஹார்னஸில். யேட்ஸ் சரிவில் பனியைத் தோண்டி ஓர் இருக்கைக்குழி செய்து, அதில் கால்களை அழுந்த ஊன்றி உட்கார்ந்துகொள்வார். கயிறு அவருடைய ஹார்னஸில் மாட்டிய பிலே தகட்டின் வழியாக ஓடும். துளையுள்ள சிறிய உலோகத் தகடு அது. கயிற்றை வளைத்துத் துளைக்குள் விட்டுக் காரபினர் என்ற உலோகக் கொக்கி வளையத்தில் மாட்டினால், அந்த உராய்வே பிரேக்காகி விடும். சிம்ப்சன் வயிற்றை அழுத்திப் படுத்தபடி சரிவில் வழுக்கிப் போவார், யேட்ஸ் கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பார்.

45 மீட்டர் போனதும் முடிச்சு தகட்டுக்கு வந்துவிடும். முடிச்சு துளைக்குள் நுழையாது. கயிற்றைக் கழற்றி, முடிச்சைத் தகட்டின் மறுபக்கம் கொண்டுபோய், மறுபடி மாட்ட வேண்டும். அதற்குச் சில நொடிகள் கயிற்றில் பாரம் இருக்கக்கூடாது. ஆகவே கீழே சிம்ப்சன் நல்ல காலை ஊன்றி நின்று கயிற்றைத் தளர்த்த வேண்டும். தளர்ந்ததும் யேட்ஸ் மாற்றி மாட்டுவார், பிறகு அடுத்த 45 மீட்டர். அது முடிந்ததும் யேட்ஸ் தானே இறங்கி வந்து சேர்வார். புதிய குழி தோண்டுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து. இப்படியே புயலுக்குள் ஏறக்குறைய 900 மீட்டர் இறக்கிவிட்டார். இரண்டு பேரை மட்டும் கொண்டு, உறுதியான பிணைப்பு ஒன்றுகூட இல்லாமல், இப்படி ஒருவரை இறக்குவது மலையேற்ற வரலாற்றில் மிக அரிது.

முழு ஏற்பாடும் ஒரே விஷயத்தை நம்பி இருந்ததைக் கவனியுங்கள். முடிச்சு மேலே வரும்போது சிம்ப்சனின் காலுக்குக் கீழே தரை இருக்க வேண்டும்.

இருட்டில் அது இல்லாமல் போயிற்று. சரிவு திடீரென்று ஒரு பனிச்சுவரின் விளிம்பில் முடிந்தது. சிம்ப்சன் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கினார். கத்தினாலும் புயலில் மேலே கேட்காது. முடிச்சு தகட்டில் வந்து முட்டியது. கயிறு தளரவே இல்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மேலே இழுக்க முடியாது. விளிம்பில் அழுந்தி வளைந்திருக்கும் கயிற்றில் ஓர் ஆளை இழுக்கக் கப்பி போன்ற ஏற்பாடு வேண்டும், அதை மாட்ட ஓர் உறுதியான பிடிமானம் வேண்டும். பாறையோ கெட்டிப் பனிக்கட்டியோ இருந்தால் ஆணி அடிக்கலாம், திருகு இறக்கலாம். அங்கே இருந்ததெல்லாம் மாவு போன்ற தளர்பனி. யேட்ஸின் உடம்புதான் ஒரே பிடிமானம்.

கயிற்றை எங்காவது கட்டிவிட்டு எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது. காரணம் அதேதான்.

முடிச்சைத் தாண்டவைக்க ஒரு முறை உண்டு. மெல்லிய கயிற்று வளையத்தைப் பாரக் கயிற்றின் மேல் சுற்றி இறுக்கும் புருசிக் முடிச்சால் பாரத்தைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொண்டு தகட்டை விடுவிக்கலாம். ஆனால் முடிச்சு தகட்டில் முட்டுவதற்கு முன்பே அதைப் போட்டிருக்க வேண்டும். முட்டியபிறகு, பாரத்தை அதற்கு மாற்றத் தேவையான சில சென்டிமீட்டர் தளர்வுகூடக் கிடைக்காது. அப்படித் தாண்டவைத்திருந்தாலும் சிம்ப்சன் இறங்கியிருக்கக்கூடிய இடம், அந்தச் சுவரின் அடியில் வாய் திறந்திருந்த பனிப்பிளவுதான்.

கீழே சிம்ப்சனும் சும்மா தொங்கவில்லை. புருசிக் முடிச்சால் கயிற்றில் தானே மேலேறலாம், அதற்கு இரண்டு வளையங்கள் வேண்டும். ஒன்றில் பாரத்தை வைத்து மற்றொன்றை மேலே நகர்த்துவது முறை. ஒன்றைச் சுற்றிவிட்டார். இரண்டாவது, உறைந்து மரத்துப்போன விரல்களிலிருந்து நழுவி விழுந்துவிட்டது.

யேட்ஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தாங்கிப் பிடித்தார். அவர் உட்கார்ந்திருந்த குழி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. அது முழுதாக உடைந்தால் இருவரும் போவார்கள். பைக்குள் கத்தி இருப்பது நினைவுக்கு வந்தது. இழுபட்டு விறைத்து நிற்கும் நைலான் கயிற்றுக்கு அழுத்தி அறுக்கவேண்டிய அவசியமே இல்லை, கூரான கத்தி பட்டாலே தெறித்துவிடும்.

துரோகம் என்றால் காப்பாற்ற வழியிருந்தும் கைவிடுவது. அந்த இடத்தில் கயிறு யாரையும் காப்பாற்றவில்லை. ஒரு சாவை இரண்டாக ஆக்கும் வேலையை மட்டும்தான் செய்துகொண்டிருந்தது.

தவறே நடக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. நடந்தது, ஆனால் அதைத் தேட வேண்டிய இடம் கத்தி இல்லை, அடுப்பு. மலையில் தண்ணீர் என்பது பனியை உருக்கினால்தான். பனியை உருக்கக் கேஸ் வேண்டும். பாரத்தைக் குறைக்க அளவோடு எடுத்துப் போயிருந்தார்கள், ஏறுவதற்கு நினைத்ததைவிட நாள் கூடியது, கேஸ் தீர்ந்துவிட்டது. இருட்டும் புயலும் சேர்ந்து வந்தபோது செய்திருக்க வேண்டியது பனிக்குழி தோண்டி உள்ளே ஒடுங்கி விடியும்வரை காத்திருப்பது. குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், எலும்பு உடைந்த ஒருவரோடு அப்படிக் காத்திருக்க முடியாது என்றுதான் இருட்டிலும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பகல் வெளிச்சம் இருந்திருந்தால் அந்தப் பனிச்சுவரை முன்பே பார்த்திருப்பார்கள். இந்தச் சம்பவத்திலிருந்து மலையேறுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கூடுதலாக ஒரு கேஸ் குப்பி என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. சிம்ப்சன் அவ்வளவு நேரம் தொங்கியும் மூச்சோடு இருந்ததற்கு அவர் போட்டிருந்த ஹார்னஸ் காரணம். 1920-களில் எவரெஸ்ட்டில் ஏற முயன்ற ஜார்ஜ் மாலரியின் காலத்தில் கயிற்றை நேராக இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். அப்படி அந்தரத்தில் தொங்கினால் கயிறு விலாவுக்குக் கீழே ஏறி உதரவிதானத்தை நெரிக்கும், சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். தொடைகளையும் சேர்த்துத் தாங்கும் உட்கார்ந்த நிலை ஹார்னஸ் பரவலானதில் சால்ஃபோர்டைச் சேர்ந்த பிளம்பர் டான் வில்லன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970-ல் கிறிஸ் பானிங்டன் தலைமையில் அன்னபூர்ணாவின் தெற்கு முகத்துக்குப் போன குழுவுக்காக அவர் வடிவமைத்தது பிறகு அவர் பெயரிலேயே கடைகளுக்கு வந்தது. அந்த முகத்தின் உச்சியை டூகல் ஹேஸ்டனோடு முதலில் தொட்டவரும் அவர்தான். எவரெஸ்ட் ஏறியவர்களின் பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறோம், மலையில் உயிர்களைக் காத்துக்கொண்டிருக்கும் இந்தப் பட்டையைச் செய்த பிளம்பரைச் சொல்வதில்லை. எனக்கு இதில் நீண்ட நாள் மனக்குறை.

உங்கள் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். ஒரே கயிற்றில் கட்டிக்கொள்வதன் பொருள் சேர்ந்து சாவது கிடையாது. ஒருவர் வழுக்கினால் மற்றவர் தாங்குவார் என்பதுதான். தாங்குபவருக்குப் பிடிமானம் இருக்கும்வரைதான் அது செல்லும். இதற்கு, சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லையிலுள்ள மேட்டர்ஹார்ன் மலையில் 1865-ல் நடந்ததைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

அந்த ஜூலை 14-ல் எட்வர்ட் விம்பர் என்ற 25 வயது மரச்செதுக்கு ஓவியரும் இன்னும் ஆறு பேரும் முதன்முதலாக உச்சியைத் தொட்டார்கள். இறங்கும்போது ஏழு பேரும் ஒரே வரிசையில் கட்டிக்கொண்டார்கள். முன்னால் வழிகாட்டி மிஷெல் குரோ, அடுத்து 19 வயது ஹாடோ, பிறகு ஹட்சன், பிரான்சிஸ் டக்ளஸ், வழிகாட்டி பெரிய டாக்வால்டர், விம்பர், கடைசியில் டாக்வால்டரின் மகன். அனுபவம் குறைந்த ஹாடோவின் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்து இறக்கிக்கொண்டிருந்தார் குரோ. ஹாடோ வழுக்கி அவர்மேல் விழுந்தார். இருவரின் பாரமும் ஹட்சனை இழுத்தது, அது டக்ளஸை இழுத்தது. மேலே இருந்த டாக்வால்டரும் விம்பரும் பாறையை இறுகப் பற்றிக்கொண்டார்கள். டக்ளஸுக்கும் டாக்வால்டருக்கும் நடுவே கயிறு அறுந்தது. நால்வர் போனார்கள், மூவர் நின்றார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

அங்கேயும் ஊர் இதையேதான் பேசியது. தன் உயிருக்காக டாக்வால்டரே கயிற்றை அறுத்துவிட்டார் என்று. விம்பர் அதை மறுத்தார். விசாரணையும் டாக்வால்டரைக் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனாலும் பேச்சு அவரை விடவில்லை. உண்மையான தவறு வேறு இடத்தில் இருந்தது. அன்று மூன்று வகைக் கயிறுகள் கொண்டுபோயிருந்தார்கள். அந்த இடைவெளியில் கட்டப்பட்டிருந்தது மூன்றிலும் மெலிந்தது. நல்ல கயிறு கையில் இருக்கும்போதே அது எப்படி அங்கே வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அறுந்த அந்தத் துண்டு மலையடிவார ஊரான செர்மாட்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இறங்கும்போது ஏன் என்று கேட்டீர்கள். களைப்பும் இருட்டும் ஒரு பாதி. உடம்பும் கயிறும் இயங்கும் விதம் மறுபாதி. ஏறும்போது கால் வைக்கும் இடம் கண்முன்னே இருக்கும், இறங்கும்போது உடம்பு அதை மறைக்கும். ஏறும்போது கையும் காலும் தாங்கும், கயிறு காவலுக்கு மட்டும். கயிற்றில் இறங்கும்போது முழு உயிரும் கயிற்றிலும் அதன் பிணைப்பிலும்தான். சின்னப் பிழைக்கும் இடமில்லை. 1977 ஜூலை 13-ல் காரகோரத்தில் 7,285 மீட்டர் உயரமுள்ள ஓகர் உச்சியிலிருந்து இறங்கும்போது பிரிட்டிஷ் மலையேறி டக் ஸ்காட் கயிற்றில் பக்கவாட்டாக நகர்ந்தார். பாறையில் படிந்திருந்த மெல்லிய பனிக்கட்டிப் படலத்தில் கால் வழுக்கியது. ஊஞ்சல்போல வீசப்பட்டு எதிர்ப்பாறையில் மோதியதில் இரண்டு கால்களும் கணுக்காலுக்கு மேலே உடைந்தன. அதே இறக்கத்தில் பானிங்டன், இரண்டு முனைகளும் சம நீளத்தில் இல்லாத கயிற்றின் முனையைத் தாண்டி வழுக்கி விழுந்து விலா எலும்புகளை உடைத்துக்கொண்டார். முனையில் ஒரு முடிச்சு போட்டிருந்தால் அது அவரைத் தடுத்து நிறுத்தியிருக்கும்.

ஸ்காட் பிழைத்தது எப்படி? முழங்கால்கள் நன்றாக இருந்ததால் நாள்கணக்கில் மண்டியிட்டுத் தவழ முடிந்தது. குழுவிலிருந்த மோ ஆந்த்வானும் கிளைவ் ரோலண்டும் கூட இருந்ததால் வழி செய்து கொடுக்க ஆளும் இருந்தது. சிம்ப்சனுக்கு இரண்டுமே இல்லை. உடைந்தது முழங்காலே, கூட யாரும் கிடையாது.

பனிப்பிளவுக்குள் விழுந்த சிம்ப்சன் ஒரு பனித்திட்டில் சிக்கி உயிரோடு இருந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். மறுமுனையில் யேட்ஸின் உடல் கனமாக இருக்கும், அதையே பிடிமானமாக்கி மேலேறலாம் என்பது திட்டம். கயிறு லேசாக வந்தது. முனை கைக்கு வந்தபோது அது அறுக்கப்பட்டது என்று தெரிந்தது. மேலே ஏற வழியில்லாததால், பனிக்கட்டியில் ஒரு திருகை இறக்கி, அதே கயிற்றைக் கட்டிப் பிளவின் இன்னும் ஆழத்துக்குள் இறங்கினார். முனையில் முடிச்சுப் போடவில்லை, வேண்டுமென்றேதான். கீழே ஒன்றுமில்லை என்றால் தொங்கிச் சாவதைவிட விழுந்துவிடலாம் என்று. கீழே பனித்தளம் இருந்தது. அதிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் ஒரு சரிவும் இருந்தது. வெளியே வந்து, படுக்கைப் பாயை மடித்துக் காலுக்குக் கட்டுப்போட்டு, பனிக்கோடரியை ஊன்றிக்கொண்டு, பனியாற்றையும் அதற்கப்பால் கற்குவியல்களையும் கடந்து மூன்று நாள்களுக்கும் மேல் ஊர்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த 20 நிமிடத்தில் அந்தப் பாறைவரை என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டார். யேட்ஸ் மறுநாள் காலை கிளம்பவிருந்த அந்த இரவில் முகாமை வந்து சேர்ந்தார்.

பிளவுக்குள் அவரைக் கீழே இறக்கியது, யேட்ஸ் அறுத்ததால் அவரோடு சேர்ந்து விழுந்த அந்தக் கயிறுதான். இதை உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று யேட்ஸுக்காக அன்றுமுதல் பேசிவருபவரும் சிம்ப்சனேதான்.