எழுவாய் எங்கை போட்டுது?

கேள்வி: ரீச்சர், அவர் பலேர்மோவிலை இருக்கிறார். நானும் போறதுக்காக இத்தாலிய மொழி படிக்கிறன். 'எ நெச்செஸ்ஸாரியோ கே தூ வெங்கா', நீ வாறது அவசியம். இதிலை எழுவாய் எது? 'வியேனி' ஏன் 'வெங்கா' ஆச்சு?
வாசகி, மாங்குளம்

பதில்: பிள்ளை, எழுவாய் கண்ணுக்கு முன்னாலைதான் கிடக்குது. 'கே' எண்டது வாக்கியத்தை இணைக்கிற சொல்; அதுக்குப் பின்னாலை வாறது முழுக்க எழுவாய். எது அவசியம்? நீ வாறது. நாங்கள் அதை முன்னுக்கு வைக்கிறம், அவை பின்னுக்கு வைக்கினம், அவ்வளவுதான். 'வோல்யோ கே தூ வெங்கா' வேறை: நீ வாறதை விரும்பிறன். 'எது' எண்டு கேட்டால் சொஜ்ஜெத்தீவா, எழுவாயா வாற வாக்கியம்; 'எதை' எண்டு கேட்டால் ஒஜ்ஜெத்தீவா, செயப்படுபொருளா வாற வாக்கியம். தமிழ் தெரிஞ்ச ஆளுக்கு இந்தச் சோதனை சும்மா கிடைச்ச வரம்.

'வியேனி' சாதாரண வடிவம். 'வெங்கா' கொன்ஜுந்தீவோ வடிவம், நடக்குது எண்டு உறுதியாச் சொல்லாத இடத்திலை வாற வினை வடிவம். இரணைமடுக் குளக்கட்டிலை நில்லுங்கோ. மழை கொட்டுது: 'எ வேரோ கே பியோவே', பெய்யிறது உண்மை. கருமுகில் மட்டும் நிண்டால்: 'எ பொஸ்ஸீபிலே கே பியோவா', பெய்யக்கூடும். கடைசி எழுத்து ஒண்டுதான் மாறுது. உண்மை, நிச்சயம், தெளிவு எண்டால் சாதாரண வடிவம். அவசியம், கூடும், நல்லம் எண்டால் கொன்ஜுந்தீவோ.

எல்லாம் 'ஆ'விலை முடியும் எண்டு நம்பிப்போடாதேங்கோ. நான் இத்தாலியிலை ஒரு கிழவியைப் பராமரிச்சனான். சூப்புக் கரண்டியை நீட்டி 'எ மெல்யோ கே லேய் மாஞ்ஜா' எண்டன், நீங்கள் சாப்பிடுறது நல்லம் எண்டு. மனிசி வாயை இறுக்கி மூடிக்கொண்டுது. பிறகு 'மாஞ்ஜி!' எண்டு ஒரு அதட்டு. நான் திருத்திச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தது. 'ஆரே'யிலை முடியிற பெரும்பாலான வினையளுக்கு 'இ' வரும். 'மாஞ்ஜாரே' அந்தக் கூட்டம். சூப்பு ஆறிப்போச்சு, இலக்கணம் ஏறிச்சுது.

இன்னாரெண்டு ஆளைச் சுட்டாட்டில் 'கே'யும் வேண்டாம்: 'எ மெல்யோ பார்தீரே', வெளிக்கிடுறது நல்லம். நடுவிலை 'தி' எண்ட சின்னச் சொல்லைப் போடாதேங்கோ, எங்கடையாக்கள் எல்லாரும் போடுவினம், நானும் போட்டனான். ஆனால் 'மி செம்ப்ரா'வுக்கு மறக்காமல் போடுங்கோ: 'மி செம்ப்ரா தி சொன்யாரே', கனவு காணிறமாதிரிக் கிடக்கு. பலேர்மோ விமான நிலையத்திலை அவரைக் காணேக்கை சொல்ல உதவும்.