கோலாரில் யாரும் இல்லையா?

கேள்வி: கூடங்குளம் அணுக்கழிவை எங்கள் பகுதியில் வைக்காதே என்கிறோம். கோலார் தங்கச் சுரங்கத்தில் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது அங்கேயும் போராடினார்கள். மின்சாரம் மட்டும் வேண்டும், கழிவு அடுத்தவன் ஊருக்குப் போகட்டும் என்பது சுயநலம் இல்லையா?
- ஒரு வாசகர், ராதாபுரம்

பதில்: நான் கோலார் தங்கவயல்காரன். அங்கே சாம்பியன் ரீஃப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா, அப்பா இருவருமே சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர்கள். அதனால் நடுநிலையான பதிலை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. கழிவைக் கடைசியில் எங்கே வைப்பீர்கள் என்ற கேள்வி வந்தபோது, மத்திய அரசுத் தரப்பில் கோலாரின் கைவிடப்பட்ட சுரங்கம் பேச்சில் வந்தது. எங்கள் ஊரே தெருவில் இறங்கியது. கட்சி வேறுபாடு இல்லை. அன்றைய முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டரும் அனுமதிக்க மாட்டோம் என்றார். சில நாட்களிலேயே மத்திய அரசுத் தரப்பில், அப்படி ஒரு திட்டமே இல்லை, முன்பு அங்கே ஆய்வு மட்டும்தான் நடந்தது என்று விளக்கம் கொடுத்தார்கள்.

‘கைவிடப்பட்ட’ என்ற அந்தச் சொல்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். மனிதர்கள் எங்கே போவார்கள்? அதே லைன் வீடுகளில் இருந்தபடி, விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண், நாங்கள் சைனைடு மலை என்று சொல்வது, ஊருக்கு நடுவிலேயே குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி சோற்றுத் தட்டில் விழும். பொன்னை எடுத்துக்கொண்டு கழிவை எங்களிடம் விட்டுப் போனவர்கள், இன்னொரு கழிவையும் கொண்டு வருவார்கள் என்றால் யார் சரி என்பார்கள்?

அதோடு அது நல்ல இடமும் இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகத் தோண்டித் தோண்டி நொறுங்கிப்போன பாறை அது. சின்ன வயதில் ‘ஏர் பிளாஸ்ட்’ வந்தால், அதாவது சுரங்கத்துக்குள் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால், வீட்டில் பாத்திரம் உருளும். அப்பா ஷிஃப்டில் இருந்தால் அம்மா ஷாஃப்ட் என்கிற சுரங்க வாய்ப் பக்கம் ஓடுவாள். மூடிய பிறகு உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. அணுக்கழிவுக்குப் பெரிய பகை தண்ணீர்தான். கலனை அரிப்பதும் அதுதான், உள்ளிருப்பதை வெளியே சுமந்து வருவதும் அதுதான்.

சரி, சுயநலமா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ஒரு அணுமின் நிலையம்கூடக் கிடையாது. ஆனாலும் நாட்டின் அணுக்கழிவைப் புதைக்க, 1987-இல் அங்கே இருக்கும் யூக்கா மலையை மட்டும் குறிவைத்துச் சட்டம் திருத்தினார்கள். அந்த மாநிலம் இருபது வருடத்துக்கு மேல் விடாமல் எதிர்த்தது. ஒபாமா ஆட்சியில் திட்டம் நின்றது. பின்லாந்தில் யூராயோக்கி என்ற சிற்றூரின் மன்றத்துக்கு, அணுக்கழிவுக் கிடங்கு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் சட்டத்திலேயே இருந்தது. அந்த மன்றம் 2000-இல் சம்மதித்தது. இப்போது அங்கே நானூறு மீட்டருக்குக் கீழே, உறுதியான பாறையில் கிடங்கு தயாராகியிருக்கிறது. அந்த ஊரிலேயே அணு உலையும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் மறுக்கும் உரிமை கையில் இருந்தவர்கள்தான் சம்மதித்தார்கள். எங்களை யாரும் கேட்கவே இல்லை. கேட்காமல் தலையில் கட்டும்போது எதிர்ப்பதைச் சுயநலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கூடங்குளம் வளாகத்தில் எரிந்த எரிபொருளை வைக்கும் கிடங்குக்காக 2019 ஜூலையில் உங்கள் ராதாபுரத்தில் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. மறுபடி நடந்தால் அவசியம் போங்கள். எத்தனை வருடம் இங்கே இருக்கும், அப்புறம் எந்த ஊருக்குப் போகும் என்று இரண்டையும் கேளுங்கள். ‘மக்கள் வசிக்காத இடத்துக்கு’ என்று பதில் வந்தால், அந்த இடத்தின் பெயரையும் கேளுங்கள்.